சாக மறுக்கும் செல்: மார்பகப் புற்றுநோயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புற்றுநோய் என்றால் செல் கட்டுக்கடங்காமல் பெருகுவது என்று மட்டுமே நினைக்கிறோம். சாக வேண்டிய செல் சாகாமல் இருப்பதும் அதே அளவு பெரிய சிக்கல். நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரம் போய் வரும் பெண்களின் ஃபைலில் ஈ.ஆர். (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி), பி.ஆர். (புரோஜெஸ்டிரோன் ஏற்பி), ஹெர்2 (செல்லை வளரத் தூண்டும் ஒரு ஏற்பி) என்று மூன்று வரிகள் இருக்கும். அவற்றுக்கும் செல் சாக மறுப்பதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

பழுதான செல்லில் பாக்ஸ், பாக் என்ற புரதங்கள் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் துளை போடும். அதன் வழியே சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசிந்து, காஸ்பேஸ் நொதிகள் கிளம்பி, செல்லை உள்ளிருந்தே பிரித்துவிடும். பிசிஎல்-2 புரதம் இதைத் தடுக்கும். பிசிஎல்-2-ஐ அடக்கி வைப்பவற்றில் ஒன்று பேட் என்ற புரதம். ஹெர்2 மிகுந்த செல்லில் பிஐ3கே என்ற நொதி வழியாக ஏகேடி என்ற இன்னொரு நொதி தூண்டப்பட்டு, அது பேடை முடக்கிவிடுகிறது. ஈஸ்ட்ரோஜனோ தன் ஏற்பி வழியாக பிசிஎல்-2 உற்பத்தியையே கூட்டுகிறது.

அதனால்தான் "அந்த அக்காவுக்குப் போட்ட ஊசியை எனக்கும் போடுங்க" என்று கேட்பதில் பயனில்லை. டிராஸ்டுசுமாப் என்ற ஊசி ஹெர்2 மிகுந்தவர்களுக்கானது. ஹெர்2 '2+' என்று (அதாவது தெளிவில்லாமல்) வந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஹெர்2 மரபணு கூடியிருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் போன்ற அடுத்த சோதனை தேவை.

என்னை மிகவும் வருத்துவது, ஆபரேஷன் முடிந்து கட்டி போய்விட்டது என்று, ஈ.ஆர். பாசிட்டிவானவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை அடைக்கத் தரும் டமாக்சிஃபென் மாத்திரையை இடையில் நிறுத்துவது. கண்ணுக்குத் தெரியாத செல்கள் எங்காவது மிஞ்சியிருக்கலாம். மாத்திரை நின்றால் ஈஸ்ட்ரோஜனின் சமிக்ஞை அவற்றுக்கு மறுபடி கிடைக்கும். பொதுவாக 5 ஆண்டுகள், சிலருக்கு 10 ஆண்டுகள் சாப்பிட வேண்டும். உடம்பு கொதிக்கிறது, தூக்கம் வரவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், வழி இருக்கிறது. மனச்சோர்வுக்கான பராக்செட்டின், ஃபுளுவாக்செட்டின் போன்ற சில மாத்திரைகள் டமாக்சிஃபென் உடலில் செயல்வடிவம் பெறுவதைக் குறைக்கும், அதையும் மறைக்க வேண்டாம்.

அப்புறம், புற்றுநோயைக் குணமாக்கும் என்று பலர் சொல்லும் முள்சீத்தாப் பழம். ஆய்வகத் தட்டில் அதன் சாறு புற்றுச்செல்லைக் கொன்றது உண்மைதான். ஆனால் தட்டில் செல்லைக் கொல்லும் பொருட்கள் ஏராளம். மனித உடலில் முள்சீத்தா நோயைக் குணப்படுத்தியதற்குச் சான்று இல்லை. அதை நம்பி சிகிச்சையைத் தள்ளிப்போடும் மாதங்களில் நோய் பரவிவிடலாம்.

ரிப்போர்ட்டில் 'பிசிஎல்-2 பாசிட்டிவ்' என்று பார்த்துப் பயப்படுவதும் தேவையற்றது. செல் சாவதைத் தடுக்கும் புரதம்தான் என்றாலும், மார்பகப் புற்றுநோயில் அது பெரும்பாலும் ஈ.ஆர். பாசிட்டிவோடு, நல்ல பலனோடு சேர்ந்தே வருகிறது.

நோய் திரும்பினால் பழைய ரிப்போர்ட்டை மட்டும் நம்பாமல், மறுபடி பயாப்சி (திசுச் சோதனை) எடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஒரு சமிக்ஞை அடைபட்டால் செல் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும், ஈ.ஆர்., ஹெர்2 நிலையும் மாறியிருக்கலாம்.