பிள்ளைக்கு வாசிக்கத் தெரிகிறது, மையக்கருத்து கேட்டால் முழிக்கிறதா?

மாலையில் என் வீட்டுக்கு ஏழெட்டுப் பிள்ளைகள் படிக்க வருகிறார்கள். எல்லோரும் இரண்டாம், மூன்றாம் வகுப்பு. எழுத்துக்கூட்டாமல் கடகடவென்று வாசிப்பார்கள். "இதுல என்ன சொல்லியிருக்கு?" என்று கேட்டால் முதல் வரியிலிருந்து அப்படியே ஒப்பிப்பார்கள், அல்லது பிடித்த ஒரு வார்த்தையைச் சொல்வார்கள். அது அவர்கள் குறையே இல்லை. எது பெரிய செய்தி, அதாவது மையக்கருத்து, எது அதைத் தாங்கும் சின்னச் செய்தி என்று நாம்தான் பிரித்துக் காட்ட வேண்டும்.

படி 1: புத்தகம் இல்லாமல்

ஒரு தட்டில் கரண்டி, டம்ளர், தோசைத்திருப்பி, வடிகட்டி வையுங்கள். "எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு பேர் சொல்லு." "சமையல் சாமான்" என்று பிள்ளை சொல்லும். அப்புறம் நடுவில் ஒரு சீப்பை வையுங்கள். கேட்காமலே எடுத்து வெளியே வைத்துவிடும். அடுத்து வாக்கியங்களில் செய்யப்போவதும் இதே வேலைதான்.

படி 2: இரண்டு கேள்விகள்

ஐந்து வரி போதும். நான் எழுதிக் கொடுப்பது இது:

"பனை நுங்கை வெயில் காலத்தில் சாப்பிடுகிறோம். பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்கிறார்கள். ஓலையில் விசிறியும் பெட்டியும் முடைகிறார்கள். பனங்கிழங்கை அவித்துத் தின்கிறோம். முற்றிய மரம் வீட்டுக்கு உத்திரமாகிறது."

முதல் கேள்வி: எதைப் பற்றி? பனை. இது எல்லோருக்கும் வந்துவிடும். இரண்டாவது: பனையைப் பற்றி என்ன சொல்கிறது? இங்கேதான் தடுமாற்றம். ஒரு சிறுமி "நுங்கு!" என்றாள். தப்பு என்று சொல்லவில்லை. "சரி, கருப்பட்டி வரி நுங்கைப் பத்தியா?" என்று கேட்டேன். விரலை வைத்து அந்த வரியைத் திரும்ப வாசித்தாள், இல்லை என்று தலையாட்டினாள். ஓலை வரி, கிழங்கு வரி என்று ஒவ்வொன்றாக இறங்கினாள். கடைசி வரியில் விரல் நின்றது. "பனமரத்துல எல்லாமே உதவுது மிஸ்."

அவசரப்பட்டு நாமே சொல்லிவிடக் கூடாது. அந்த ஒரு நிமிட மௌனத்தில்தான் பிள்ளை யோசிக்கிறது.

படி 3: கையை வரையுங்கள்

பிள்ளையின் கையைத் தாளில் வைத்து வரைந்துகொள்ளுங்கள். உள்ளங்கையில் "பனையின் எல்லாப் பாகமும் உதவும்". ஐந்து விரல்களில் ஐந்து செய்திகள். பிறகு, "பனை தமிழ்நாட்டின் மாநில மரம்" என்ற வரியைக் கொடுத்து இடம் தேடச் சொல்லுங்கள். உண்மைதான், பனையைப் பற்றியதுதான். ஆனால் எந்தப் பாகம் எதற்கு உதவுகிறது என்று அது சொல்லவில்லையே! தட்டில் வைத்த சீப்பு மாதிரி அதுவும் வெளியே போகும். "எதைப் பற்றி" என்ற தலைப்பு வேறு, "என்ன சொல்கிறது" என்ற மையக்கருத்து வேறு என்பது என் பிள்ளைகளுக்கு இங்கேதான் பிடிபட்டது.

படி 4: கதைக்குப் போகலாம்

கதையில் மையக்கருத்து கேட்டால் உடனே நீதி சொல்வது நம் பிள்ளைகளின் பழக்கம். தாகம் எடுத்த காகத்தின் கதைக்கு "முயன்றால் முடியும்" என்பார்கள். அது நீதி. நூறு கதைகளுக்குப் பொருந்தும். "யாரு? என்ன வேணும்? என்ன தடை? என்ன செஞ்சது?" என்று கேட்டு, நான்கு பதிலையும் ஒரே வாக்கியமாக்கச் சொல்லுங்கள்: "தாகத்தில் தவித்த காகம், பானையின் அடியில் கிடந்த தண்ணீரைக் கல் போட்டு மேலே வரவைத்துக் குடித்தது." இது இந்தக் கதைக்கு மட்டும்தான் பொருந்தும்.

தினமும் பத்து நிமிடம் போதும். வாயால் சொன்னால் போதும், எழுத வைக்காதீர்கள். ஒன்றில் மட்டும் கவனம்: மையக்கருத்து எப்போதும் முதல் வரியிலேயே இருக்கும் பத்திகளாகக் கொடுத்தால், பிள்ளை வாசிக்காமலே முதல் வரியைக் காட்டப் பழகிவிடும். ஒரு நாள் முதலில், ஒரு நாள் கடைசியில், ஒரு நாள் எங்குமே இல்லாமல் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள்.