என்.சி.சி ஃபயரிங்: பழைய .22 ரைஃபிள்ல குரூப்பிங் கொண்டுவர்றது எப்படி

கேம்ப்ல ஃபயரிங்னு சொன்னதும் எல்லாரும் கேக்கற முதல் கேள்வி "புல் (டார்கெட்டோட நடுப்புள்ளி) அடிக்கறது எப்படிண்ணா"ன்னுதான். புல்லை விடுங்கப்பா. அஞ்சு ரவுண்டும் ஒரே இடத்துல விழணும், அது டார்கெட்டோட மூலையா இருந்தாலும் பரவால்ல, அதுக்குப் பேர்தான் குரூப். குரூப் வந்துட்டா அதை நடுவுக்குக் கொண்டுவர்றது சைட் அட்ஜஸ்ட் பண்ற வேலை, குரூப்பே வரலன்னா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

முதல்ல கையில இருக்கறது என்னன்னு தெரிஞ்சுக்கோங்க. இப்ப பெரும்பாலும் .22 (குண்டோட குறுக்களவு, இன்ச்ல) டீலக்ஸ் ரைஃபிள்தான் குடுப்பாங்க, ஆனா பழைய கையேடுகள்ல வர்ற நம்பர் 2 மார்க் 4 ரைஃபிள் இருக்கே, அது பார்க்க அப்படியே பிரிட்டிஷ் பட்டாளத்தோட .303 லீ என்ஃபீல்டு மாதிரி இருக்கும், ஏன்னா அதே உடம்புதான், பேரல் மட்டும் .22. பிரிட்டிஷ்காரன் வேணும்னே அப்படிப் பண்ணான். வெயிட்டும் கிட்டத்தட்ட 4 கிலோ, போல்ட்டை (லோட் பண்ண இழுத்துத் தள்ளற தாழ்) இயக்கற விதமும் அதே, ஆனா தோட்டா மலிவு, தோள்ல உதை இல்ல, 25 யார்டு இடம் இருந்தா போதும். .22-ல பழகின பையன் .303-ஐ எடுத்தா கை தானா வேலை செய்யும்ங்கறது கணக்கு. மேகசின் பெட்டி இருக்கும், ஆனா அது தோட்டா போட இல்ல, ஒவ்வொரு ரவுண்டா கையாலதான் லோட் பண்ணணும், சுட்ட கேஸ் (தோட்டாவோட காலி ஓடு) அந்தப் பெட்டிக்குள்ள விழும். கீழ சொல்றது டீலக்ஸுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

படுக்கறதுலதான் பாதி வேலை. வலது கைக்காரங்க உடம்பைக் கொஞ்சம் இடது பக்கமா சாய்ச்சுப் படுங்க, கால் ரெண்டும் விரிச்சு, குதிகால் தரையில ஒட்டி, இடது முழங்கை ரைஃபிளுக்குக் கீழ எவ்வளவு பக்கமா வருமோ அவ்வளவு. பட் (ரைஃபிளோட பின் கட்டை) தோள்குழியில நல்லா உக்காரணும், கன்னம் கட்டையில படணும், ஒவ்வொரு ரவுண்டுக்கும் அதே இடத்துல. அப்புறம் ஒரு டெஸ்ட் இருக்கு, இதை நிறைய பேர் செய்யறதே இல்ல: எய்ம் பண்ணி, கண்ணை மூடி, ரெண்டு மூச்சு விட்டுட்டுத் திறங்க. பிளேடு (பேரல் நுனியில நிக்கற முன் சைட்) டார்கெட்டை விட்டு நகர்ந்திருந்தா கையால தள்ளாதீங்க, இடது முழங்கையை ஊன்றி உடம்பையே திருப்புங்க. கையால தள்ளிப் பிடிச்சது ட்ரிக்கர் அமுக்கற நேரத்துல பழைய இடத்துக்கே ஓடிடும்.

எய்ம் பண்ணும்போது ரெண்டு பக்கமும் பிளேடைக் காக்கற காது மாதிரி தகட்டை பிளேடுன்னு நினைச்சுக்காதீங்க (சிரிக்காதீங்க, நடக்கும்), நடுவுல இருக்கறதுதான் பிளேடு. அதோட நுனி பின் சைட்ல இருக்கற யூ வெட்டோட தோள் மட்டத்துல, சரியா நடுவுல நிக்கணும். கண்ணு பிளேடு நுனியில, டார்கெட் மங்கலாத்தான் தெரியும், தெரியட்டும். பிளேடு அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே 25 யார்டுல குண்டு ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல தள்ளிப் போகும், அதனால டார்கெட்டை முறைச்சுப் பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்ல.

மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்துங்க. ட்ரிக்கர்ல முதல் அமுக்கு லூசா வரும், அப்புறம் கெட்டியாகும், அங்கயிருந்து மெதுவா, வெடிக்கற நிமிஷம் உங்களுக்கே தெரியாத மாதிரி அமுக்குங்க. ஏழெட்டு செகண்டுக்குள்ள முடியலன்னா கை நடுங்க ஆரம்பிக்கும், விட்டுட்டு மறுபடி மூச்செடுங்க, யாரும் திட்ட மாட்டாங்க. சுட்டதும் தலையைத் தூக்கி எட்டிப் பார்க்கற பழக்கம் மட்டும் வேணவே வேணாம்.

ரவுண்டு வெடிக்கலன்னா போல்ட்டைத் திறக்காதீங்க, பேரல் டார்கெட் பக்கமே இருக்கட்டும், கையைத் தூக்குங்க, உஸ்தாத் (பயிற்சி குடுக்கறவர்) வருவார். சின்னத் தோட்டாதானேன்னு அலட்சியம் வேணாம், அது ஒன்றரை கிலோமீட்டர் தாண்டியும் போகும்.

டார்கெட் வந்ததும் படிங்க. ஓட்டைகள் மேலயும் கீழயுமா நீளமா இருந்தா மூச்சு, இல்லன்னா பிளேடு உயரம் மாறுது. பக்கவாட்டுல பரவுனா பிளேடு நடுவுல இல்ல, இல்ல முழங்கை நகருது. மூணு ஒரு இடம், ரெண்டு வேற இடம்னா லோட் பண்ணும்போது பொசிஷன் மாறிடுச்சு. நாலு சேர்ந்து ஒண்ணு மட்டும் எங்கயோ ஓடியிருந்தா அது ட்ரிக்கரைப் பட்டுன்னு இழுத்தது.

கடைசியா கிளீனிங். புல் த்ரூவை (துணி கட்டி இழுக்கற கயிறு) சேம்பர் (தோட்டா உக்கார்ற இடம்) பக்கமிருந்து விட்டு, வாய்ப்பக்கம் நேரா இழுங்க, சாய்ச்சு இழுத்தா கயிறு பேரல் வாயைத் தேய்க்கும், வாய் தேய்ஞ்சா குரூப் போச்சு. பழைய .22 பேரல் பலதுல உள்ள புள்ளி புள்ளியா அரிச்சிருக்கும், அந்தக் காலத்து பிரைமர்ல (தோட்டாவைப் பத்தவைக்கற மருந்து) இருந்த குளோரேட் மிச்சம் உப்பாகி ஈரத்தை இழுத்ததால வந்தது, இங்கிலாந்துல பார்க்கர் ஹேல் கம்பெனி அப்படிப் போன பேரலுக்கெல்லாம் உள்ள புது டியூப் வெச்சுக் குடுத்தாங்க. இப்ப வர்ற தோட்டாவுல அந்தத் தொல்லை இல்ல, அதனால போட்டுத் தேய் தேய்னு தேய்க்க வேணாம், காஞ்ச சிந்தி (துடைக்கற துணித்துண்டு) ரெண்டு தடவை, லேசா எண்ணெய் போட்டது ஒரு தடவை, போதும். சும்மா ட்ரிக்கர் அமுக்கி விளையாடாதீங்க, .22-ல ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கற ஊசி) நேரா சேம்பர் விளிம்புல போய் அடிக்கும், நாளடைவில அங்க பள்ளம் விழும். கோத்துல (ஆயுதம் வைக்கற ரூம்) திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னாடி போல்ட்டைத் திறந்து சேம்பரைக் கண்ணாலயும் விரலாலயும் பார்த்துடுங்க, காலி கேஸையும் எண்ணி ஒப்படைங்க, கணக்கு ஒண்ணு குறைஞ்சாலும் மொத்த கேம்பும் ரேஞ்சு புல்தரைக்குள்ள தேடணும்.