தமிழ் எழுத்தை உடைக்கும் வடிவமைப்பு மோகங்கள்: எதை விடலாம், எதை வைத்துக்கொள்ளலாம்

நான் வடிவமைத்த முதல் பெயர்ப்பலகை 12 அடி நீளம். ஒரு துணிக்கடைக்கு. ஆங்கில லோகோக்களில் எழுத்துகளை நன்றாக விலக்கி, காற்றோட்டமாக எழுதுவது அப்போது எல்லோருக்கும் பிடித்திருந்தது. நானும் அதே மாதிரி தமிழை விலக்கி வைத்தேன். கணினித் திரையில் அழகாகத்தான் தெரிந்தது. பலகையை மாட்டிவிட்டு எதிர்ச் சாரியில் நின்று பார்த்தபோதுதான் நான் செய்திருந்தது புரிந்தது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். கடைக்காரரின் அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தார், பெயர் வரவில்லை. அது அவருடைய பேத்தியின் பெயர். பலகையை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன்.

அதிலிருந்து எந்த டிரெண்டு வந்தாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கொள்கிறேன். இதைச் செய்த பிறகும் தமிழ் எழுத்து தன் உருவத்தோடு இருக்கிறதா? வடிவமைப்பில் வரும் புதுமைகளில் பெரும்பாலானவை ரோமன் எழுத்தை மனத்தில் வைத்து உருவானவை. அவற்றில் சில தமிழுக்கும் நன்றாகப் பொருந்தும். சில எழுத்தையே கொன்றுவிடும். எது எது என்று தெரியாமல் அப்படியே எடுத்துப் போடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

எழுத்துகளை விலக்கி வைப்பது

ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தும் தனி ஆள். நடுவே எவ்வளவு இடம் விட்டாலும் அது அதுவாகவே இருக்கும். தமிழின் 247 எழுத்துகளில் 216 உயிர்மெய். அவற்றில் 'கொ', 'கோ', 'கௌ' போன்றவை கண்ணுக்கு மூன்று துண்டுகள், படிப்பவருக்கு ஓர் எழுத்து. இடைவெளியைக் கூட்டினால் அந்தத் துண்டுகளும் விலகுகின்றன. கொம்பு முந்தைய எழுத்தின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. கால் அடுத்த எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்கிறது. 'ர' என்று படிக்கவும் இடம் கொடுக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனி விசைகள் என்பதால் இது கட்டாயம் நடக்கும். யூனிகோடு எழுத்துருவைப் போட்டாலும் சில மென்பொருள்கள் துண்டுகளைப் பிரித்துத்தான் வைக்கின்றன.

இடைவெளி வேண்டவே வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. தலைப்பை அவுட்லைனாக, அதாவது தட்டச்சு எழுத்தாக இல்லாமல் வெறும் வடிவமாக, மாற்றுங்கள். கோரல்டிரா மென்பொருள் ஆட்கள் 'கர்வ் போடுவது' என்பார்களே, அதுதான். அப்புறம் ஒவ்வொரு உயிர்மெய்யையும் ஒரு குரூப்பாகக் கட்டி, கையால் நகர்த்துங்கள். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடம் இல்லாத இடத்தில் எழுத்தை விலக்க வேண்டாம்.

இதே நோய்தான் மருத்துவமனை, லாட்ஜ் வாசல்களில் மேலிருந்து கீழாக அடுக்கும் பலகைகளிலும் இருக்கிறது. 'சென்னை' என்றால் செ, ன், னை என்று மூன்று வரி. கொம்பை மட்டும் ஒரு வரியில் தனியாக நிறுத்திவிட்டு அடுத்த வரியில் 'ச' போட்ட பலகைகளை நான் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வலிக்கிறது.

ரீல்ஸில் ஓர் எழுத்துக்குப் பின் ஓர் எழுத்தாகத் தோன்றும் தலைப்புகளும் அப்படியே. யூனிகோடில் 'கொ' என்பது இரண்டு குறியீடுகள்: முதலில் 'க', பிறகு ஒகரக் குறி. ஆங்கிலத்துக்கு எழுதிய அனிமேஷன் அதைப் பிரித்துக் காட்டுகிறது. 'கொடி' என்று வர வேண்டிய இடத்தில் முதலில் 'க' வருகிறது. அடுத்த நொடியில் அது வலப்பக்கம் குதித்து, கொம்புக்கு இடம் விட்டு, 'கொ' ஆகிறது. பார்ப்பவர் கண் அந்தக் குதிப்பிலேயே நின்றுவிடும். தமிழுக்குச் சொல் சொல்லாகத் தோன்றும்படி அமையுங்கள். சொல்லின் தாளமும் அதில்தான் சரியாக வரும்.

பொய்த் தடிப்பும் பல அடுக்கு விளிம்புகளும்

முச்சுழி ண, இருசுழி ன என்று பள்ளியில் படித்திருக்கிறோம். இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரியும் பெரிய வேறுபாடு அந்த ஒரே ஒரு சுழிதான். எழுத்துருவில் தடித்த வடிவம் இல்லாதபோது மென்பொருளின் 'போல்ட்' பட்டனை அழுத்தினால், அது கோட்டின் எல்லாப் பக்கத்திலும் மையைச் சேர்த்து ஊதிவிடுகிறது. சுழிகளின் உள்ளே இருக்கும் வெள்ளை அடைபடுகிறது. 'மணம்' எது, 'மனம்' எது என்று தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. ஞ, இ, ஐ எல்லாமே இப்படித்தான் கறுப்புக் கட்டிகளாகின்றன.

பிளெக்ஸ் பேனர் பாணி இதன் உச்சம். மஞ்சள் எழுத்து, அதைச் சுற்றிச் சிவப்பு விளிம்பு, அதற்கு மேல் வெள்ளை விளிம்பு, அப்புறம் நிழல். ஒவ்வொரு அடுக்கும் எழுத்துக்கு நடுவே இருக்கும் வெளியைத் தின்றுகொண்டே போகும். கடைசியில் பெரிய அளவில் அச்சடித்தும் படிக்க முடியாத தலைப்பு கிடைக்கிறது. பின்னணிப் படத்தில் எழுத்து மூழ்கிவிடும் என்பதால்தான் விளிம்பைச் சேர்க்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். விளிம்பு மூன்று போடுவதைவிட, எழுத்து உட்காரும் இடத்தில் படத்தை இருட்டாக்கினாலே போதும்.

20 ஆண்டுகளுக்கு முன்பு இதற்கு ஒரு நியாயம் இருந்தது. நல்ல தமிழ் எழுத்துருக்கள் குறைவு. தடித்த வடிவம் தனியாகக் கிடைப்பது அதைவிடக் குறைவு. இன்று கேட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாம் மெல்லியதிலிருந்து தடித்தது வரை பல எடைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. எக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்புக் குழு 2022-இல் வெளியிட்ட அனெக் தமிழில் எடையோடு அகலத்தையும் நம் விருப்பப்படி கூட்டலாம், குறைக்கலாம். இவற்றில் சுழியின் உள்வெளியைப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். ஒரே எழுத்துருவுக்குள் எடையை மட்டும் மாற்றித் தலைப்பு, துணைத்தலைப்பு, விவரம் என்று பிரிக்கும் இப்போதைய பாணி தமிழுக்குக் கிடைத்த நல்ல வரவு. ஒரு போஸ்டரில் ஆறு எழுத்துரு போடும் பழக்கத்தை இது ஒழிக்கட்டும்.

சாய்வெழுத்தையும் விட்டுவிடலாம். இத்தாலிக் என்பது ரோமன் எழுத்தோடு வளர்ந்த மரபு. தமிழுக்கு அப்படி ஒன்று இல்லை; பட்டனை அழுத்தினால் எழுத்து ஒரு பக்கமாகத் தள்ளப்படும், அவ்வளவுதான். ஒரு சொல்லை எடுத்துக்காட்ட வேண்டுமா? எடையைக் கூட்டுங்கள், அல்லது நிறத்தை மாற்றுங்கள்.

வரிகளை நெருக்கி அடுக்குவது

பெரிய தலைப்புகளில் வரிகளை ஒன்றோடொன்று தொடும் அளவுக்கு நெருக்குவது ஆங்கிலத்தில் இப்போது பரவலாக இருக்கிறது. முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினால் மேலேயும் கீழேயும் எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. நெருக்கினாலும் கட்டடம் மாதிரி நிற்கும். தமிழில் மேலே புள்ளியும் மேல்விலங்கும் ('கி'யின் மேல்வளைவு) இருக்கின்றன. கீழே 'ழு', 'ளூ', 'ஞு' இறங்கி வருகின்றன. நெருக்கினால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் இடிக்கும். முதலில் காணாமல் போவது புள்ளிதான். புள்ளி போனால் 'கண்' என்பது 'கண' ஆகிவிடும்.

ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமல் எழுதினார்கள். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும். படித்தவர் இடம் பார்த்துப் புள்ளியை மனத்தில் போட்டுக்கொண்டார். அச்சு வந்த பிறகுதான் அந்தச் சிரமம் தீர்ந்தது. இத்தனை காலம் கழித்து, காகிதத்துக்கும் திரைக்கும் எந்தக் குறையும் இல்லாத நாளில், ஒரு மோகத்துக்காகப் புள்ளியை மறுபடியும் ஒளிப்பது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

அடோபி மென்பொருள்களில் வரி இடைவெளி தானாக எழுத்தின் அளவில் 120 சதவீதமாக இருக்கும். தமிழுக்கு அது போதாது. படிக்கும் பகுதிக்கு 150-க்குப் பக்கத்தில் வைக்கிறேன். தலைப்புக்கு எண்ணைப் பார்ப்பதில்லை. எந்த எழுத்துக்குக் கீழே எந்த எழுத்து வருகிறது என்று பார்த்து வைக்கிறேன்.

வட்டமும் கோடுமாக எழுத்தைச் செதுக்குவது

மினிமலிசம் என்ற பெயரில் எல்லா எழுத்தையும் ஒரே தடிமன் கோட்டில், அரைவட்டங்களாலும் நேர்கோடுகளாலும் கட்டுகிறார்கள். இதை முழுக்க ஒதுக்க மாட்டேன். ட, ப, ம போன்ற எழுத்துகள் இந்த முறையில் கம்பீரமாக நிற்கும். ஆனால் ழ, ஜ, ஞ வரும்போதுதான் வரைந்தவரின் கை தெரியும். அவசரக்காரர்கள் அங்கே ஒரு வளைவை வெட்டிவிட்டு 'ஸ்டைல்' என்கிறார்கள். பெயரில் கடினமான எழுத்து எது என்று பார்த்து, அதை முதலில் வரையுங்கள். அது சரியாக வந்தால் மற்றவை அதன் பின்னால் வந்துவிடும். ஆங்கில 'L'-ஐ 'ட' என்றும், 'U'-வை 'ப' என்றும் ஒட்டிப் பெயரெழுதும் வேலையை மட்டும் அடியோடு விட்டுவிடலாம்.

பழைய எழுத்து மோகமும் இப்போது இருக்கிறது. யானைத் துதிக்கை போன்ற வளைவு வைத்த 'லை', 'ணை', 'னை' எல்லாம் காபிக்கடைப் பலகைகளில் திரும்ப வருகின்றன. பெரியார் 1935-லேயே தம் இதழில் சீர்திருத்த எழுத்துகளைப் பயன்படுத்தத் தொடங்கினார். தமிழ்நாடு அரசு அவற்றை ஏற்றது 1978-இல். அதற்குப் பிறகு பள்ளிக்குப் போனவர்களில் பலர் துதிக்கை எழுத்தை எழுதிப் பழகியதே இல்லை. பெயரில் ஓர் எழுத்தாக வைத்தால் அழகு. விலைப்பட்டியல் முழுக்க அப்படி அச்சடித்தால் பிள்ளைகள் திணறுவார்கள்.

இயந்திரம் வரைந்த தமிழ்

பண்டிகைக்குப் பண்டிகை இது கூடிக்கொண்டே போகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் 'பொங்கல் வாழ்த்து அட்டை' என்று கேட்கிறார்கள்; வரும் படத்தை அப்படியே பகிர்கிறார்கள். பானையும் கரும்பும் பளபளவென்று இருக்கும். எழுத்தில் பல நேரம் கொம்பு இடம் மாறியிருக்கும், புள்ளி விழுந்திருக்கும், தமிழில் இல்லவே இல்லாத உருவங்கள்கூட இருக்கும். ஒரு பள்ளியின் அழைப்பிதழில் 'ஆண்டு விழா' என்பதே இப்படி வந்ததைப் பார்த்தேன். பிள்ளைகள் அந்த அட்டையைத்தான் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

படம் வேண்டும் என்றால் படத்தை மட்டும் கேளுங்கள். எழுத்துக்கு இடம் விட்டு வரையச் சொல்லுங்கள். எழுத்தை நீங்களே கோர்த்து வையுங்கள். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

நீங்கள் கோர்க்கும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் 'கெ' என்பது 'க'வுக்குப் பின்னால் கொம்பு வைத்து வரும். பலர் இதை எழுத்துருவின் கோளாறு என்று நினைத்து, வேறு எழுத்துரு தேடி அலைகிறார்கள். அமைப்பில் ஒரு தேர்வை மாற்றினால் தீர்ந்துவிடும்.

கல்யாணப் பத்திரிகை

கறுப்புப் பின்னணியில் தங்க எழுத்து இப்போது நிறையக் கேட்கிறார்கள். திரையில் கண்ணைப் பறிக்கும், உண்மைதான். ஆனால் நம் வீடுகளில் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் கொடுப்பார்கள். கறுப்பில் மஞ்சள் எடுபடாது. பெரியவர்கள் கறுப்புப் பத்திரிகையைக் கையில் வாங்கவே தயங்குவார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்ப ஒன்றைக் கறுப்பில் செய்துகொள்ளுங்கள். அச்சுக்கு வெளிர் நிறத்தில் செய்து, மூலைகளில் மஞ்சளுக்கு இடம் விடுங்கள். நீர்வண்ணத்தில் யூகலிப்டஸ் இலையும் பியோனிப் பூவும் போட்ட வெளிநாட்டு டெம்ப்ளேட்டுகளைவிட, ஒரே கோட்டில் வரைந்த கோலமும் மாவிலைத் தோரணமும் வைக்கும் இப்போதைய போக்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அது நிலைக்க வேண்டும்.

அச்சுக்குப் போகும்போது சின்ன எழுத்துகளைத் தனிக் கறுப்பில் மட்டும் வையுங்கள். நான்கு நிறம் கலந்த கறுப்பில் வைத்தால், அச்சுத் தகடு ஒரு மயிரிழை விலகினாலும் முகூர்த்த நேரம் இரட்டையாகத் தெரியும்.

கையால் எழுதுவது

வைத்துக்கொள்ள வேண்டியவற்றில் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். ஓவியர் கே.எம். ஆதிமூலம் சிற்றிதழ்களுக்கும் நூல் அட்டைகளுக்கும் எழுதிய தலைப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தூரிகையின் ஓட்டத்தில் எழுத்து எவ்வளவு விடுதலையாக நடக்கும் என்று. எழுத்து குலையாது, அதே நேரம் எந்த எழுத்துருவும் தர முடியாத உயிர் அதில் இருக்கும். இப்போது இளைஞர்கள் டேப்லெட்டில் தமிழ் எழுதிப் பழகுவதும் பகிர்வதும் பெரிய சந்தோஷம். பழகுகிறவர்களிடம் ஒன்றுதான் சொல்வேன்: ஆங்கிலக் காலிகிராபியின் கோணத்தை அப்படியே பிடிக்காதீர்கள். தமிழ் எழுத்து எங்கே தொடங்கி எப்படிச் சுழன்று முடிகிறது என்று சிலேட்டில் எழுதிய மாதிரி பல தடவை எழுதிப் பாருங்கள். தடிமன் எங்கே விழ வேண்டும் என்று கையே கண்டுபிடிக்கும்.

அச்சுக்கு அனுப்பும் முன் நான் இப்போதும் ஒரு வேலை செய்கிறேன். தலைப்பை ஒரு ஏ4 தாளில் அடித்துச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று, அந்த வேலையைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். அவர் எந்த எழுத்தில் தயங்குகிறாரோ அங்கே பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, அந்த எழுத்தைத் திரும்ப வரைகிறேன்.