அறுபதுகளின் பிரித்தானிய பாப் தரவரிசையைச் சரியாக வாசிப்பது எப்படி?

1960களில் வெளிவந்த பிரித்தானியப் பாப் பாடல் ஒன்றைப் பற்றி எழுத உட்காருபவரோ, பழைய பாடல்களை நிகழ்ச்சியாகத் தொகுக்க விரும்புபவரோ முதலில் தேடுவது, அந்தப் பாடல் எத்தனையாவது இடம் வரை வந்தது என்பதைத்தான். அந்த எண் நொடியில் கிடைத்துவிடுகிறது. ஆனால் அது யார் தொகுத்த பட்டியலின் எண் என்று கேட்பவர்கள் குறைவு. 1969 பிப்ரவரி வரை பிரிட்டனில் எல்லோருக்கும் பொதுவான ஒரே தரவரிசை இருக்கவில்லை என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால்தான் அந்தக் காலத்துப் பாடல்களைப் பற்றிப் பிழையின்றி எழுத முடியும்.

பிரிட்டனின் முதல் இசைத்தட்டுத் தரவரிசை 1952 நவம்பர் 14 அன்று ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ இதழில் வெளியானது. இதழின் அலுவலகத்திலிருந்து ஏறக்குறைய இருபது இசைத்தட்டுக் கடைகளைத் தொலைபேசியில் அழைத்து, அந்த வாரம் எந்தெந்தத் தட்டுகள் அதிகம் விற்றன என்று கேட்டு, பன்னிரண்டு இடங்கள் கொண்ட பட்டியலாக அடுக்கினார்கள். இதே முறையைச் சிறு மாற்றங்களோடு ‘மெலடி மேக்கர்’, ‘டிஸ்க்’ போன்ற இதழ்களும் கைக்கொண்டன. 1960 மார்ச்சில் இசைத்தட்டு வணிகர்களுக்கான ‘ரெக்கார்ட் ரீடெய்லர்’ என்ற இதழ் ஐம்பது இடங்கள் கொண்ட பட்டியலை வெளியிடத் தொடங்கியது. ஒவ்வோர் இதழும் கேட்ட கடைகள் வேறு, கடைகளின் எண்ணிக்கை வேறு. ஆகவே ஒரே வாரத்தில் ஒரே பாடல் நான்கு பட்டியல்களில் நான்கு இடங்களில் நிற்பது வெகு இயல்பாக நடந்தது.

இன்று ‘அதிகாரபூர்வத் தரவரிசை’ என்று காட்டப்படுவது, 1960 மார்ச் வரை நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் பட்டியலையும், அதன்பின் 1969 பிப்ரவரி வரை ரெக்கார்ட் ரீடெய்லர் பட்டியலையும் பின்னாளில் ஒன்றாகத் தைத்து உருவாக்கிய வரிசையாகும். அந்த நாட்களில் ரெக்கார்ட் ரீடெய்லர் வணிகர்கள் படிக்கும் இதழ். இளைஞர்கள் வாங்கிப் படித்தது நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸையும் மெலடி மேக்கரையும்தான். ரெக்கார்ட் ரீடெய்லர் தன் தொடக்க ஆண்டுகளில் கேட்ட கடைகளும் அவற்றைவிடக் குறைவு. எனவே உங்கள் குறிப்பேட்டில் ‘முதலிடம்’ என்று எழுதும்போதெல்லாம் பக்கத்திலேயே இதழின் பெயரையும் எழுதுங்கள். இது ஒன்றைச் செய்தாலே பாதிப் பிழைகள் நீங்கிவிடும்.

எடுத்துக்காட்டாக, பீட்டில்ஸ் குழுவின் ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ பாடலைக் கையில் எடுத்துக்கொள்வோம். தட்டு 1963 ஜனவரி 11, வெள்ளிக்கிழமை வெளியானது. பிப்ரவரி பிற்பகுதியில் மெலடி மேக்கரிலும் டிஸ்க்கிலும் அது முதலிடத்தைப் பிடித்தது. நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸில் ஃபிராங்க் ஐஃபீல்டின் ‘தி வேவர்ட் விண்ட்’ பாடலோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. ரெக்கார்ட் ரீடெய்லரில் மட்டும் ஐஃபீல்ட் முதலிடத்தில் இருக்க, பீட்டில்ஸ் இரண்டாம் இடத்தோடு நின்றார்கள். பின்னாளில் வந்த தொகுப்புகள் ரெக்கார்ட் ரீடெய்லரைப் பின்பற்றியதால், அந்தக் குழுவின் முதல் ‘நம்பர் ஒன்’ பாடல் ‘ஃப்ரம் மீ டு யூ’ என்று ஆகிவிட்டது. 2000ஆம் ஆண்டில் வெளியான முதலிடப் பாடல்களின் தொகுப்பிலும் ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ சேர்க்கப்படவில்லை. அது முதலிடம் பெற்றது என்று சொல்பவரும் பெறவில்லை என்று சொல்பவரும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கிறார்கள். இதழின் பெயரைச் சொல்லிவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. 1966இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘நைன்டீன்த் நெர்வஸ் பிரேக்டவுன்’ பாடலுக்கும் இதே கதைதான்.

அடுத்து நாட்களைப் பிரித்து எழுதப் பழக வேண்டும். வெளியான நாள், பட்டியலில் நுழைந்த வாரம், உச்சத்தைத் தொட்ட வாரம் ஆகிய மூன்றும் வேறு வேறு. மறுவெளியீடு இருந்தால் அதையும் தனியே குறிக்க வேண்டும். ‘லவ் மீ டூ’ 1962 அக்டோபர் 5 அன்று வெளியாகி, அந்த முறை ரெக்கார்ட் ரீடெய்லரில் பதினேழாம் இடம் வரை மட்டுமே சென்றது. இருபதாம் ஆண்டை ஒட்டி 1982இல் மீண்டும் வெளியிட்டபோது நான்காம் இடத்துக்கு ஏறியது. உச்ச இடம் நான்கு என்ற எண்ணை மட்டும் பார்த்து, 1962லேயே அது பெருவெற்றி பெற்றது என்று எழுதிவிடுவது மிக எளிதில் நேரும் பிழை.

பாடலின் பெயரோடு பாடியவரின் பெயரையும் சேர்த்தே பதியுங்கள். அமெரிக்காவில் வெற்றி பெறும் பாடலைப் பிரித்தானியப் பாடகர் ஒருவர் உடனே பாடிப் பதிவு செய்வது அன்றைய வழக்கம். 1965 தொடக்கத்தில் ‘யூவ் லாஸ்ட் தட் லவ்விங் ஃபீலிங்’ பாடலை ரைட்டியஸ் பிரதர்ஸ் பாடிய தட்டும் சில்லா பிளாக் பாடிய தட்டும் ஒரே நேரத்தில் பட்டியலில் ஏறிக்கொண்டிருந்தன. சில்லா பிளாக்கின் தட்டு இரண்டாம் இடம் வரை வந்தது. முதலிடத்தை ரைட்டியஸ் பிரதர்ஸ் எடுத்துக்கொண்டார்கள்.

இனி வானொலி. கேட்பவர்களின் நினைவில் நிற்கும் தரவரிசை பெரும்பாலும் இதழில் படித்தது அல்ல, வானொலியில் கேட்டதுதான். எனவே எந்த நிலையம் எந்தப் பட்டியலை ஒலிபரப்பியது என்று பார்க்காமல் விடக் கூடாது. பி.பி.சி.யின் பொழுதுபோக்கு வானொலி அலைவரிசையான லைட் புரோகிராமில் ஆலன் ஃப்ரீமன் நடத்திய ‘பிக் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சி எந்த ஒரு இதழின் பட்டியலையும் அப்படியே படிக்கவில்லை. பல இதழ்களின் பட்டியல்களுக்குப் புள்ளிகள் கொடுத்து, சராசரி எடுத்து, பி.பி.சி. தனக்கென்று ஒரு பட்டியலைச் செய்துகொண்டது. இந்தக் கணக்கில் இரண்டு பாடல்கள் சமமாக வருவதுண்டு. 1968 ஆகஸ்டில் பீ ஜீஸ், பீச் பாய்ஸ், ஹெர்ப் ஆல்பர்ட் மூவரின் பாடல்களும் பி.பி.சி. பட்டியலில் ஒரே வாரத்தில் முதலிடத்தில் நின்றன. மூன்று முதலிடங்கள் கொண்ட பட்டியலை எவ்வளவு காலம் ஒலிபரப்ப முடியும்? ரெக்கார்ட் ரீடெய்லரும் பி.பி.சி.யும் இணைந்து ஓர் ஆய்வு நிறுவனத்திடம் பணியை ஒப்படைக்க, ஏறக்குறைய முந்நூறு கடைகளின் விற்பனைக் கணக்கைக் கொண்டு தொகுத்த புதிய தரவரிசை 1969 பிப்ரவரி 15 முதல் வந்தது.

கடல் வானொலிகளைத் தனியாகக் கையாள வேண்டும். ரேடியோ கரோலின் 1964 ஈஸ்டர் நாட்களில் கப்பலிலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் ரேடியோ லண்டன் வந்தது. ரேடியோ லண்டன் ஒலிபரப்பிய ‘ஃபேப் ஃபார்ட்டி’ விற்பனைப் பட்டியலே அல்ல. எந்தப் பாடல்களை எவ்வளவு அடிக்கடி ஒலிபரப்புவது என்று நிலையத்தார் தீர்மானித்த வரிசை அது. கடைகளில் விற்பனை தொடங்கும் முன்பே ஒரு பாடல் அதில் உயரத்தில் இருக்கும். ஆகவே அதை விற்பனைச் சான்றாகக் காட்டாதீர்கள். கேட்பவரின் காதில் அந்த வாரம் என்ன ஒலித்தது என்பதற்குச் சான்றாகக் காட்டுங்கள், அதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. 1967 ஆகஸ்டு 14 நள்ளிரவில் கடல் வானொலிகளுக்கு எதிரான புதிய சட்டம் நடைமுறைக்கு வந்ததால் ரேடியோ லண்டன் அன்று பிற்பகல் மூன்று மணிக்கே ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. செப்டம்பர் 30 காலை ஏழு மணிக்கு டோனி பிளாக்பர்னின் குரலோடு பி.பி.சி. ரேடியோ 1 தொடங்கியது.

உச்ச இடத்தைவிட ஒரு பாடல் பட்டியலில் எத்தனை வாரம் இருந்தது என்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன். 1967 மார்ச்சில் பீட்டில்ஸின் ‘பென்னி லேன்’, ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ ஆகிய இரண்டும் அமைந்த தட்டை ரெக்கார்ட் ரீடெய்லரில் முதலிடத்துக்கு வரவிடாமல் தடுத்தது எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்க் பாடிய ‘ரிலீஸ் மீ’. (மெலடி மேக்கரில் பீட்டில்ஸ் முதலிடம் பெற்றார்கள்.) இதை ஏதோ அநீதி போலவே பலர் எழுதுகிறார்கள். ஆனால் ‘ரிலீஸ் மீ’ ஆறு வாரம் முதலிடத்திலும், 56 வாரங்கள் தொடர்ந்து முதல் ஐம்பதிலும் இருந்தது. ஓராண்டுக்கு மேலாக மக்கள் கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கிய பாடலை விபத்து என்று ஒதுக்க முடியாது. எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்க் என்ற மேடைப் பெயரில் அதைப் பாடியவர் 1936இல் சென்னையில் பிறந்த அர்னால்ட் ஜார்ஜ் டோர்சி என்பதைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. பீட்டில்ஸின் முதல் டிரம்மர்களில் ஒருவரான பீட் பெஸ்ட்டும் சென்னையில் பிறந்தவரே. கிளிஃப் ரிச்சர்ட் பிறந்தது லக்னோவில்.

1965இல் லிவர்பூல் நகைச்சுவை நடிகர் கென் டாட் பாடிய ‘டியர்ஸ்’ ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்து பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. விமான விபத்தில் 1964இலேயே இறந்துவிட்ட ஜிம் ரீவ்ஸின் ‘டிஸ்டன்ட் டிரம்ஸ்’ 1966இல் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. கிட்டார் குழுக்களை மட்டுமே கோத்து அறுபதுகளைக் காட்டும் தொகுப்புகளில் இவர்களுக்கு இடம் கிடைப்பதில்லை. ஆகவே ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்தால், பிடித்த பாடல்களை மட்டும் பொறுக்காமல் அந்த வாரப் பட்டியலின் முதல் இருபதையும் எழுதி, இருபதிலிருந்து ஒன்று வரை வரிசையாகக் கேளுங்கள்.

அப்படிக் கேட்கும்போது, கிடைக்குமானால் சிங்கிள் தட்டுக்காகச் செய்த மோனோ (எல்லா ஒலியும் ஒரே தடத்தில் அமைந்த) பதிவையே தேடிப் பிடியுங்கள். மத்திய அலை வானொலியிலும் 45 சுற்றுத் தட்டிலும் அன்று ஒலித்தது அதுதான்; பிற்கால ஸ்டீரியோ பதிவுகளில் குரல் ஒரு பக்கமும் டிரம் ஒரு பக்கமும் விலகி நிற்பதைக் கேட்கலாம். ‘லவ் மீ டூ’ பாடலை 1962இல் வெளியான முதல் தட்டில் கேட்டால் டிரம் வாசிப்பவர் ரிங்கோ ஸ்டார். முதல் ஆல்பத்தில் கேட்டால் வாசிப்பவர் ஆண்டி ஒயிட், ரிங்கோவின் கையில் இருப்பது டாம்பரின் என்ற சலங்கை வைத்த கைத்தாள வாத்தியம் மட்டும். டாம்பரின் ஒலி கேட்டால் அது முதல் தட்டுப் பதிவு அல்ல என்று உறுதி செய்துகொள்ளலாம். பி.பி.சி.க்காகத் தனியாகப் பாடிய பதிவுகளையும் தட்டுப் பதிவென்று குழப்பிக்கொள்ளாதீர்கள். வானொலியில் எத்தனை மணி நேரம் தட்டுகளை ஒலிக்கலாம் என்பதற்கு அன்று கட்டுப்பாடு இருந்ததால் குழுக்கள் நிலையத்துக்கே வந்து பாடின. பீட்டில்ஸ் மட்டுமே 1962 முதல் 1965 வரை பி.பி.சி. வானொலிக்காக 275 முறை பாடியிருக்கிறார்கள். எந்தப் பதிவைக் கேட்டீர்கள் என்பதையும் இதழின் பெயருக்கு அருகிலேயே குறித்து வையுங்கள்.