முதல் முறை பிரிட்டன் சுற்றப் போகிறவர்களுக்கு: 12 இரவு, மூன்று ஊர், ஆளுக்கு ஒரு பெட்டி

பிரிட்டன் பயணம் என்றதும் பலரும் முதலில் ஊர்ப் பட்டியல் போட உட்காருவார்கள். லண்டன், பாத், ஆக்ஸ்போர்டு, மான்செஸ்டர், எடின்பரோ, இன்வர்னஸ் என்று அது நீண்டுகொண்டே போகும். வரைபடத்தில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில்தான் தெரியும். ஆனால் ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரை நாள் கரைந்துவிடும். பெரும்பாலான விடுதிகளில் காலை 10 அல்லது 11 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் அறைச் சாவி மதியம் 3 மணிக்குத்தான் கைக்கு வரும். நடுவில் உள்ள நேரமெல்லாம் பெட்டியோடு அலைச்சல். அதனால் முதல் பயணத்துக்கு மூன்று ஊர் போதும் என்பது என் உறுதியான கருத்து.

1. ஊரையும் மாதத்தையும் முடிவு செய்யுங்கள்

நான் சொல்வது லண்டன், யார்க், எடின்பரோ. மூன்றும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க் சுமார் 2 மணி நேரம், அங்கிருந்து எடின்பரோ இரண்டரை மணி நேரம். லண்டனில் 5 இரவு, யார்க்கில் 3, எடின்பரோவில் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களுக்குப் பெட்டியை அறையிலேயே விட்டுவிட்டுக் காலையில் போய் இரவு திரும்பலாம். லண்டனிலிருந்து பாத் அல்லது கேம்பிரிட்ஜ், யார்க்கிலிருந்து டர்ஹம், எடின்பரோவிலிருந்து ஸ்டர்லிங் கோட்டை. எல்லாமே ஒரு நாளில் முடியும்.

விமானச் சீட்டு எடுக்கும்போது லண்டனில் இறங்கி எடின்பரோவில் ஏறும்படி கேட்டுப் பாருங்கள். எடின்பரோவிலிருந்து தோஹாவுக்கு நேரடி விமானம் உண்டு, அங்கே மாறிச் சென்னைக்கு வந்துவிடலாம். திரும்ப லண்டன் வரை போகும் ஒரு பகல் மிச்சமாகும்.

மே, ஜூன், செப்டம்பர் மூன்றும் நல்ல மாதங்கள். ஜூனில் எடின்பரோவில் இரவு 10 மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஆகஸ்டில் எடின்பரோவில் பெரிய கலை விழாக்கள் நடப்பதால் அறை வாடகை எகிறிவிடும். விழாவுக்காகவே போகிறவர்களைத் தவிர மற்றவர்கள் அந்த மாதத்தைத் தவிர்ப்பது நல்லது.

2. விசா, பிறகு ரயில்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு விசிட்டர் விசா வேண்டும். பயணத் தேதிக்கு 3 மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் அறைகளை மட்டும் பதிவு செய்யுங்கள். சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட்டுக்கு ஆன்லைனில் எடுக்கும் பயண அனுமதி போதும்.

விசா வந்த கையோடு ரயில் டிக்கெட். அங்கே ஒரே ரயிலில் ஒரே வகுப்புக்குப் பல விலை. 'அட்வான்ஸ்' டிக்கெட்டுதான் பொதுவாக மலிவு. சுமார் 8 முதல் 12 வாரம் முன்பு விற்பனைக்கு வரும். ஆனால் அந்தக் குறிப்பிட்ட ரயிலில்தான் ஏறலாம், பணம் திரும்பாது. ரயில் நிறுவனத்தின் தளத்திலேயே வாங்கினால் முன்பதிவுக் கட்டணம் இல்லை. கணவன் மனைவியாகவோ நண்பர்கள் இருவராகவோ போகிறவர்கள் 'டூ டுகெதர்' ரயில்கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். விலை 35 பவுண்டு, இருவருக்கும் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வெளிநாட்டவரும் வாங்கலாம். வார நாட்களில் காலை 9.30-க்கு முன் செல்லாது. 60 வயதைத் தாண்டிய பெற்றோருக்குத் தனி ரயில்கார்டு இருக்கிறது.

வடக்கே போகும்போது வலப்பக்க ஜன்னல் இருக்கையைத் தேர்ந்தெடுங்கள், இது முக்கியம். டர்ஹத்தில் ரயில் உயரமான பாலத்தின் மேல் போகும்போது பேராலயம் முழுதாகத் தெரியும். நியூகாசிலைத் தாண்டியதும் கடல் வந்துவிடும். பெரிக் ஊரில் ட்வீட் ஆற்றின் மேல் 28 வளைவுகள் கொண்ட, 1850-இல் திறக்கப்பட்ட பாலத்தைக் கடப்பீர்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இந்தப் பாதையைச் சொல்கிறேன்.

லண்டனுக்குள் சுற்றத் தனி கார்டு தேவையில்லை. தட்டினாலே பணம் போகும் வங்கி கார்டு, ஆளுக்கு ஒன்று இருந்தால் சரி. ஒரு நாளுக்கான உச்ச வரம்பைத் தாண்டி எடுக்க மாட்டார்கள்.

3. பெட்டி

விமானத்தில் எத்தனை கிலோ அனுமதி என்று பார்த்து அதை நிரப்பாதீர்கள். இரண்டு மாடிப் படியை நீங்களே தூக்கிக்கொண்டு ஏற முடிகிற எடைதான் உங்கள் அளவு. லண்டன் பாதாள ரயில் நிலையங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. பழைய வீடுகளில் நடக்கும் விடுதிகளிலும் பெரும்பாலும் கிடையாது, படிக்கட்டும் குறுகல். ரயிலில் பெரிய சாமான் வைக்கும் தட்டு ஒவ்வொரு ரயில் பெட்டியின் கோடியிலும் சின்னதாக இருக்கும், சீக்கிரம் நிரம்பிவிடும். எடின்பரோவின் வேவர்லி நிலையம் பள்ளத்தில் இருக்கிறது. அங்கிருந்து பழைய நகரத்துக்குச் செங்குத்தான படி, அதன் பிறகு கல் பாவிய தெரு. பெரிய பெட்டியின் சக்கரம் அங்கே உருளாது.

ஐந்து நாள் துணி போதும், நடுவில் துவைத்துக்கொள்ளலாம். கனத்த ஸ்வெட்டர் ஒன்றுக்குப் பதில் மெல்லிய உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். தலையை மூடும் மழை ஜாக்கெட் அவசியம். காற்றில் குடை மடங்கிவிடும். வீட்டிலேயே போட்டுப் பழகிய, தண்ணீர் புகாத ஷூ. பிளக் அங்கே சதுர மூன்று முனை. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பதும் அதுதான். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் அடாப்டர் வாங்க வேண்டும். மருந்துகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். அப்புறம், கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது. ஒரு காலி பாட்டில் கைவசம் இருக்கட்டும்.

சாப்பாட்டுப் பொருளில் கவனம் வேண்டும். இந்தியா, இலங்கையிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகத் தடை. நெய், பால்கோவா, பன்னீர் எல்லாம் அதில் வந்துவிடும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ரசப்பொடி பிரச்சினை இல்லை. பொடிக்கு ஒரு சின்ன பாட்டில் நல்லெண்ணெயை நன்றாகச் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள்.

4. தங்குமிடம்

ஹாஸ்டல் என்றால் இளைஞர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் உள்ள யூத் ஹாஸ்டல்கள் பலவற்றில் குடும்பத்துக்குத் தனி அறை உண்டு, பொதுச் சமையலறையும் உண்டு. சோறு வடித்துச் சாப்பிட விரும்பும் நமக்கு அது பெரிய வசதி. கோடை விடுமுறையில் பல்கலைக்கழக விடுதி அறைகளையும் வாடகைக்கு விடுகிறார்கள். லண்டனில் நடு ஊரில்தான் தங்க வேண்டும் என்றில்லை. ஈஸ்ட் ஹாம் போன்ற இடத்தில் தங்கினால் நேரடி பாதாள ரயிலும் கிடைக்கும், கீழே இறங்கினால் தோசையும் கிடைக்கும். பதிவு செய்யும் முன் மூன்று விஷயம் பாருங்கள்: எத்தனையாவது மாடி, குளியலறை அறைக்குள்ளா பொதுவா, பெட்டியை முன்கூட்டியே வைத்துவிட்டுப் போக விடுவார்களா.

5. சாப்பாடு

விடுதிக் காலை உணவில் சாசேஜ், பேகன் எனும் பன்றி இறைச்சி, சில இடங்களில் ரத்தத்தில் செய்த பிளாக் புட்டிங்கும் வரும். சைவர்கள் முந்தின மாலையே சொல்லிவிட்டால் காளான், தக்காளி, பீன்ஸ் (நம் ஊர்க் காய் அல்ல, தக்காளிச் சாற்றில் வெந்த பயறு), டோஸ்ட் என்று தனியாகத் தருவார்கள். மதியத்துக்கு டெஸ்கோ, செயின்ஸ்பரிஸ் கடைகளின் 'மீல் டீல்': சாண்ட்விச், கொறிக்க ஒன்று, குடிக்க ஒன்று. சூடாக வேண்டுமானால் ஜாக்கெட் பொட்டேட்டோ. தோலோடு சுட்ட பெரிய உருளைக்கிழங்கின் மேல் சீஸும் பீன்ஸும். காரப்பொடி தூவினால் நம் நாக்குக்கு நன்றாகவே பொருந்தும்.

யார்க் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை. யார்க்‌ஷயரில் பல கடைகளில் மீனையும் சிப்ஸையும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிப்பார்கள். சிப்ஸ் மட்டும் வாங்கினாலும் எந்த எண்ணெய் என்று கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள். ஜெல்லி மிட்டாய்கள் பலவற்றிலும் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். பாக்கெட்டில் 'வெஜிடேரியன்' என்று அச்சிட்டிருக்கிறதா பார்த்து எடுங்கள்.

குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். மது உரிமம் உள்ள உணவகங்களில் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். பப்பில் பெரும்பாலும் மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு கவுன்ட்டரில் போய் நீங்களே சொல்லிப் பணம் கட்ட வேண்டும். பல பப்புகளில் இரவு 9 மணியோடு சமையலறையை மூடிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தில் பெரிய கடைகள் 6 மணி நேரம்தான் திறந்திருக்கும், அதனால் யார்க்கில் ஞாயிறு வந்தால் அரிசியும் தயிரும் சனிக்கிழமையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.