மாரியில் விராலடிப்பானைப் பார்ப்பதற்கு

வடக்கே குளிர் தொடங்கியதும் இலங்கைக்கு வலசை வரும் விராலடிப்பான் என்னும் வேட்டைப் பறவை மீன் பிடிப்பதைக் காண விரும்புவோர், மார்கழி, தை மாதங்களில் மழை ஓய்ந்து காற்று அடங்கிய ஒரு காலைப்பொழுதில், திருகோணமலைக்கு அருகிலுள்ள தம்பலகாமக் குடா போன்ற ஆழம் குறைந்த நீர்ப்பரப்பின் கரையில் வெயில் முதுகில் விழுமாறு நின்றுகொள்வது நல்லது. பறக்கும் பறவையைத் தொலைநோக்கியால் துரத்த வேண்டாம். அது சிறகடித்தபடி அந்தரத்தில் ஓரிடத்தில் நின்று, தலையைக் குனிந்து நீரை உற்றுநோக்கும்போது தொலைநோக்கியை உயர்த்தினால் போதும். அடுத்து அது கால்களை முன்னே நீட்டியவாறு நீருக்குள் பாயும். பலமுறை வெறுங்காலுடன் எழும்பும் என்பதால் பொறுமை தேவை. மீன் அகப்பட்டால், நடுவானில் ஈரத்தை உதறிவிட்டு, மீனின் தலை முன்னோக்கி இருக்குமாறு திருப்பிப் பிடித்துக்கொண்டு பறக்கும். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுவே. பறவை இரையுண்ணும் பட்டமரத்தை மட்டும் நெருங்காதீர்கள்.