வீட்டிலேயே வளர்ந்த நாய்க்குட்டி ஏன் பயப்படுகிறது? ப்ரீடர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"வீட்டுக்குள்ளேயே வளர்ந்த குட்டிங்க, நல்லாப் பழகும்" என்று சொல்லித்தான் காரைக்குடிப் பக்கம் நாய் இனப்பெருக்கம் செய்து விற்கும் ப்ரீடர்கள் நாங்கள் எல்லாரும் குட்டி கொடுக்கிறோம். சொல்வது பொய்யில்லை. ஆனால் வீட்டில் எந்த இடத்தில் வளர்ந்தது என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் முகப்பை வைத்து அடுத்த தெருவில் பின்வாசலை வைக்கும் நீளம். குட்டி போட்ட நாயை நாம் கொண்டுபோய் வைப்பது பின்வாசலை ஒட்டிய கடைசிக் கட்டுக்குள், விறகும் பழைய அண்டாவும் கிடக்கிற அறையில். சோறு வைக்க ஒரே ஆள். முகப்பில் பேரப்பிள்ளைகள் ஓடுவதும், நடு முற்றத்தைச் சுற்றிய வளவில் பத்துப் பேர் உட்கார்ந்து பேசுவதும் அந்தக் குட்டிகளுக்குத் தெரியவே தெரியாது. ஐம்பது நாள் கழித்து வாங்க வந்தவர் கையை நீட்டினால் மூலைக்கு ஓடுகிறது. "கொஞ்சம் கூச்சம், போகப் போகச் சரியாகிடும்" என்று சமாளிக்கிறோம்.

பல குட்டிகளுக்கு அது சரியாவதில்லை. நாய்க்குட்டி உலகத்தைப் பார்த்து "இது நம்ம ஆள், இது நம்ம இடம்" என்று பதிந்துகொள்ளும் காலம் ஏறக்குறைய 3ஆவது வாரத்தில் தொடங்கி 12 முதல் 14 வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் இதைச் சோதித்து 1961-ல் முடிவை வெளியிட்டார்கள். வேலி போட்ட திடலில் தாயோடு குட்டிகளை விட்டு, மனிதர் பழக்கமே இல்லாமல் வளர்த்தார்கள். சில குட்டிகளை மட்டும் வெவ்வேறு வயதில் ஒரு வாரம் உள்ளே எடுத்துப் பழக்கினார்கள். 14 வாரம் வரை யாருமே பழக்காமல் விட்ட குட்டிகள் அதன்பின் மனிதரை அண்டவே பயந்தன. அவை தெருவில் பிறந்தவையும் இல்லை, அடி வாங்கியவையும் இல்லை. நல்ல தீனியும் தாய்ப்பாலும் கிடைத்து வளர்ந்தவைதான்.

ஆக மொத்தம், இந்தப் பருவத்தின் முதல் ஐந்து வாரம், அதாவது 3ஆவது வாரத்திலிருந்து குட்டியைக் கொடுக்கும் 8ஆவது வாரம் வரை, ப்ரீடர் கையில் இருக்கிறது. வாங்குகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த ஐந்து வாரத்தை அவரால் திரும்பக் கொண்டுவர முடியாது.

கடைசிக் கட்டிலேயே வைத்துவிடுவது

முதல் இரண்டு வாரம் கடைசிக் கட்டு சரியான இடம்தான். தாய்க்கு இருட்டும் அமைதியும் வேண்டும். குட்டிக்குக் கண் திறக்கவே 10 முதல் 14 நாள் ஆகும், காது அதற்கும் பிறகு. அந்த வயதில் அதற்குத் தன் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளவும் தெரியாது. வெயில் காலமாயிற்றே என்று ஆத்தங்குடிக் கல் பதித்த வெறும் தரையில் விட்டால் தாய் எழுந்து போன நேரத்தில் குளிர்ந்து போகும். அடியில் சாக்கு, அதன் மேல் பழைய பருத்திச் சேலை.

தவறு மூன்றாவது வாரத்தில் ஆரம்பிக்கிறது. காது கேட்கத் தொடங்கியதும் குட்டிகளை அடுப்படிக்குப் பக்கத்துத் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். குக்கர் விசில், கிரைண்டர், மிக்சி, எவர்சில்வர் தட்டு கீழே விழும் சத்தம், பால்காரர் மணி, மழை வந்தால் முற்றத்துத் தகரத்தில் கொட்டும் சத்தம், இவையெல்லாம் அங்கே தானாகக் கிடைக்கும். தனியாக எதுவும் ஏற்பாடு செய்ய வேண்டாம். குட்டி பால் குடிக்கும்போதோ சோறு தின்னும்போதோ தூரத்தில் கிரைண்டர் ஓடினால் ஒருமுறை தலையைத் தூக்கிப் பார்க்கும், அப்புறம் வேலையைப் பார்க்கும். நமக்கு வேண்டியது அதுதான். தின்பதை நிறுத்திவிட்டு ஒடுங்கினால் சத்தம் அதிகம் என்று அர்த்தம். தள்ளி வையுங்கள், குறைத்து வையுங்கள். "பழகட்டும்" என்று காதுக்குப் பக்கத்தில் தட்டைத் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் குட்டி சத்தத்துக்குப் பழகாது, தட்டுகிற ஆளைக் கண்டு பயப்படத்தான் பழகும்.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆத்தங்குடிக் கல் பார்க்க எவ்வளவு அழகோ, நடக்கப் பழகும் குட்டிக்கு அவ்வளவு கெடுதல். வழுக்கி வழுக்கி நடந்தால் பின்கால் அகண்டு போகும், தரையைக் கண்டாலே தயங்கும். கோரைப்பாய் விரித்தால் பாயோடு சேர்ந்து சறுக்கும். ரப்பர் மேட் அல்லது ஓரத்தை எதிலாவது அழுத்தி வைத்த சணல் சாக்கு நல்லது. நாலாவது வாரத்துக்குப் பிறகு தினமும் வேறு வேறு தரை காட்டுங்கள்: மணல், செம்மண், ஈரப் புல், ஒரே ஒரு படி.

தாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தவர்களைக் காட்டுவது

இதைப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதே இல்லை. குட்டி போட்ட பெட்டை அந்நியர் வந்தால் உறுமத்தான் செய்யும். அதிலும் ராஜபாளையம், கோம்பை மாதிரி காவலுக்கு வைக்கிற நாய் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் அது உறுமும் ஒவ்வொரு தடவையும் குட்டிகள் கவனிக்கின்றன. புது ஆள் வந்தால் அம்மா விறைக்கிறாள், அப்போ புது ஆள் ஆபத்து என்று கற்றுக்கொள்கின்றன.

யாராவது வருகிறார்கள் என்றால் முதலில் தாயை முகப்புக்கோ தோட்டத்துக்கோ கூட்டிப் போய், ஒரு எலும்போ தீனியோ கொடுத்து அங்கேயே வைத்திருங்கள். அப்புறம் வந்தவரை உள்ளே விடுங்கள். அவர் போன பிறகு தாய் திரும்பட்டும். வந்தவர் கால் கழுவாமல் உள்ளே வரக் கூடாது, காரணம் பின்னால் சொல்கிறேன்.

ஒன்று கூடவே இருக்கிறது. எல்லா நேரமும், வீட்டு ஆளைக் கண்டும் பயந்து நடுங்கும் பெட்டையிடம் குட்டி எடுக்கவே கூடாது. பயந்த சுபாவம் ரத்தத்திலும் வரும், பார்த்தும் வரும். முகம், உயரம், வால் வளைவு எல்லாம் அம்சமாக இருக்கிறது என்பதற்காக அதை இணை சேர்ப்பது எனக்கு ஒப்பாத காரியம்.

ஒரே நாளில் ஊரையே காட்டிவிடுவது

பின்கட்டிலேயே வைத்திருந்துவிட்டு, முன்னோருக்குப் படைக்கும் படைப்பு அன்றைக்கோ அறுபதாம் கல்யாணத்துக்கோ பங்காளி வீடுகள் எல்லாம் கூடும்போது குட்டிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வளவுக்கு வருவது நடக்கிறது. "ஆச்சி, ஒரு குட்டிய மட்டும் தூக்கிக்கிறேனே" என்று ஒரு பிள்ளை ஆரம்பிக்கும். அவ்வளவுதான், கை மாறி கை மாறிப் போகும். மேளம் ஒரு பக்கம், சங்கு ஒரு பக்கம். அன்று ஐம்பது பேரைப் பார்த்த குட்டி ஐம்பது பேரிடமும் பழகியதாகக் கணக்கில்லை. விசேஷ நாளில் குட்டிகள் மாடியில் ஒரு அறையில் கதவைச் சாத்தி இருப்பதே மேல்.

மற்ற நாட்களில் தினமும் ஒருவர் இருவர், கொஞ்ச நேரம். யார் வருகிறார்கள் என்பதையும் பாருங்கள். இங்கே பல வீடுகளில் இருப்பது பெரியவர்கள் மட்டும். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். அந்த வீட்டுக் குட்டிக்கு ஊன்றுகோல் தெரியும், மெதுவான நடை தெரியும், சேலை தெரியும். பள்ளிக்கூடப் பையன் ஓடி வந்தால் தெரியாது, ஹெல்மெட் தெரியாது, மழைக்கோட்டு தெரியாது. இல்லாததைத்தான் தேடிக் கொண்டுவர வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளையை அழைத்தால் இப்படிச் செய்யலாம். பிள்ளை சம்மணம் போட்டுத் தரையில் உட்காரட்டும். உள்ளங்கையை விரித்து அதில் உப்பு போடாமல் வேகவைத்த கோழியில் துணுக்கு ஒன்று. தூக்கக் கூடாது, துரத்தக் கூடாது, தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகக் கூடாது. முதலில் வருவது எப்போதும் அந்த ஈத்தின் (ஒரே பிரசவத்தில் பிறந்த குட்டிகளின்) துடுக்குக் குட்டிதான். மூக்கை நீட்டி, பின்னங்கால் இன்னும் நம் பக்கமே நிற்க, துணுக்கை எடுத்துக்கொண்டு ஓடும். மறுபடி வரும்போது முட்டி மேலேயே முன்காலை வைக்கும். ஓரமாக நின்று பார்க்கும் குட்டியை இழுத்து வந்து மடியில் போடாதீர்கள். அது பார்த்துக்கொண்டிருப்பதும் படிப்புதான். நாளைக்கு அரையடி கிட்டே வரும்.

ஊசி எல்லாம் முடியட்டும் என்று காத்திருப்பது

கெட்ட எண்ணத்தில் யாரும் செய்வதில்லை, பார்வோ என்ற உயிர்கொல்லி வைரஸ் நோயின் பயத்தில் செய்கிறார்கள். பயமும் நியாயமானதே. பார்வோ வந்த ஈத்தில் குட்டி தப்புவது கஷ்டம், அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். ஆனால் ஊசிக் கணக்கைப் பாருங்கள். முதல் ஊசி 6 முதல் 8 வாரத்தில், அதன்பின் மூன்று நாலு வாரத்துக்கு ஒன்று, கடைசி ஊசி 16ஆவது வாரம். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில். எல்லாம் முடிந்து வெளியே விடும்போது பழகும் பருவம் முடிந்தே போயிருக்கும்.

வெளியுலகைக் காட்டுவது வேறு, தெருவில் இறக்கி விடுவது வேறு. திண்ணையில் மடியில் வைத்துக்கொண்டு காலையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். டவுன் பஸ், மாடு, மீன்காரர் குரல், டிவிஎஸ் எக்ஸ்எல்-லில் கேஸ் சிலிண்டர், எல்லாம் நம்மைத் தேடி வரும். கூடையில் வைத்துக் காரில் ஒரு சுற்று கூட்டிப் போகலாம். ஊசி முறையாகப் போட்ட, பொறுமையான பெரிய நாய் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போகலாம். கூடாதது தெருநாய் திரியும் இடம், சந்தை, கால்நடை மருத்துவமனைத் தரை. அங்கே டாக்டர் மேசை வரை கையிலேயே இருக்கட்டும்.

வருகிறவர்கள் கிருமியைக் காலில் கொண்டு வருவார்கள். செருப்பை வாசலில் விடும் பழக்கம் நமக்கு இருப்பது நல்லதாய்ப் போயிற்று. அதோடு கால் கையை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். இன்னொரு ப்ரீடர் வீட்டுக்குப் போய்விட்டு அன்றே நம் வீட்டுக்கு வருகிறவரை நான் உள்ளே விடுவதில்லை, சங்கடப்பட்டாலும் பரவாயில்லை. அப்புறம், பினாயில். பினாயில் ஊற்றித் துடைத்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். பார்வோ கிருமி பினாயிலுக்கு அசையாது, குட்டிக்கு அந்த நெடியும் ஆகாது. முதலில் அழுக்குப் போகக் கழுவி, பிளீச் கரைசல் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, பிறகு நல்ல தண்ணீரில் அலசிக் காயவிட்டுத்தான் குட்டியை விட வேண்டும்.

இணையத்தில் பார்த்து 3ஆம் நாளிலிருந்து 16ஆம் நாள் வரை குட்டியைத் தலைகீழாகப் பிடிப்பது, ஈரத்துணியில் வைப்பது என்று பயிற்சி கொடுக்கிறவர்களும் உண்டு. அதன் பலன் பற்றி ஆய்வுகளிலேயே ஒருமித்த கருத்து இல்லை. செய்யுங்கள், ஆனால் அதைச் செய்துவிட்டு மூன்றாவது வாரத்தில் ஓய்வெடுக்காதீர்கள்.

முப்பது நாளில் கொடுத்துவிடுவது

"சின்னதுலயே கொண்டு போனாத்தான் ஒட்டும்" என்று வாங்குகிறவர் கேட்பார். நமக்கும் தீனிச் செலவு மிச்சம். ஆனால் நாலு வாரத்திலிருந்து எட்டு வாரம் வரைதான் குட்டி பல்லை அளவாக வைக்கக் கற்கிறது. அழுத்திக் கடித்தால் கூடப் பிறந்தது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும், தாய் ஒரு தட்டுத் தட்டும். முப்பது நாளில் பிரிந்த குட்டிக்கு இதைச் சொல்லித் தர ஆளில்லை. பிறகு பிள்ளைகள் கையெல்லாம் பல் பதிந்து, "கடிக்கிற நாயைக் கொடுத்துட்டீங்க" என்று போன் வரும். 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்க விதிகளும் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. ப்ரீடர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யவும் வேண்டும். ஒரே வீட்டுக்கு இரண்டு குட்டி கேட்டாலும் யோசியுங்கள். அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு மனிதரைக் கவனிக்காமல் போகலாம்.

"கோபக்கார நாய்தான் வேணும்" என்பவருக்குத் தலையாட்டுவது

பெரிய வீடு, பூட்டிக் கிடக்கிறது, காவலுக்கு ஒரு ஆள், அவருக்குத் துணையாக ஒரு நாய். இங்கே வரும் வாடிக்கையாளரில் இவர்கள் நிறைய. "யாரிடமும் பழக்காதீங்க, கோபமா வளரட்டும்" என்பார்கள். பழகாத நாய் கோபமான நாய் ஆவதில்லை, பயந்த நாய் ஆகிறது. பயந்த நாய் திருடன் வந்தால் கட்டிலடியில் இருக்கும். விடுமுறைக்கு வரும் பேரன் குனிந்து பந்தை எடுத்தால் கடிக்கும். ராஜபாளையத்துக்கும் கோம்பைக்கும் காவல் குணம் வளர வளரத் தானே வரும், நாம் ஊட்ட வேண்டியதில்லை. பழகிய நாய்க்குத்தான் எது வழக்கம், எது வழக்கமில்லாதது என்று தெரியும். ஆள் இல்லாத வீட்டில் பகலெல்லாம் சங்கிலியில் கட்டிப் போடப் போகிறார் என்று தெரிந்தால் குட்டி இல்லை என்று சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது.

ராஜபாளையம் எடுப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. வெள்ளை நிறத்தோடு சேர்ந்து சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஈத்தோடு இருக்கும்போது மற்றதைப் பார்த்து ஓடிவந்துவிடும், நமக்குத் தெரியாது. ஐந்தாவது வாரத்தில் ஒவ்வொன்றாகத் தனியே பிரித்து, அது தூங்கும்போது பின்னாலிருந்து, காற்றும் தரை அதிர்வும் படாமல் சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் இந்தச் சோதனையில் பிடிபடாது. கேட்காத குட்டியை "அடம், சொல் பேச்சு கேட்காது" என்று யார் தலையிலும் கட்டிவிடாதீர்கள். விஷயத்தைச் சொல்லி, கைச்சாடையில் பழக்கத் தயாராக இருப்பவருக்கே கொடுங்கள்.

நாள் பார்க்காமல் இணை சேர்ப்பது

நல்ல நாள் பார்க்காமல் நாம் எதுவும் செய்வதில்லை, இதற்கு மட்டும் பார்ப்பதில்லை. நாய்க்குச் சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். ஆனி தொடக்கத்தில் இணை சேர்த்தால் ஆவணியில் குட்டி, தீபாவளி ஐப்பசி முதல் பாதியில் வந்தால் அன்று அதற்கு வயது ஒன்பது பத்து வாரம். எட்டிலிருந்து பத்து வாரம் வரை குட்டிகள் சட்டென்று பயப்படுகிற பருவம், அப்போது பட்ட பயம் நெடுநாள் நிற்கும். தாயை விட்டுப் பிரிந்து, புது வீட்டுக்குப் போய், இரண்டாம் நாளே தெருவெல்லாம் சரவெடி. நாட்டு நாய்கள் பலவும் வருஷத்துக்கு ஒருமுறைதான் பருவத்துக்கு வரும், நாம் நினைத்த மாதத்தில் சேர்க்க முடியாது என்பதும் உண்மை. தேதி அப்படி விழுந்துவிட்டால் தீபாவளிக்கு முந்தின பத்து நாளில் குட்டியை அனுப்பாதீர்கள். முன்பணம் வாங்கியிருந்தாலும் சரி. வெடி ஓய்ந்து ஒரு வாரம் கழித்து வந்து எடுத்துப் போகச் சொல்லுங்கள். அதுவரை ஆகும் தீனியை விலையில் சேர்த்துக்கொள்ளலாம், யாரும் மறுத்ததில்லை.